இருபத்தி நாலு கோன்

கார்த்திகை பிறந்த முதல் நாளே சாந்தாமணி குடையோடு மில்லுக்கு வந்தாள். அன்றைக்கு வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

கேட்டில் காவலுக்கு நின்ற பாலுசாமி அதைப் பார்த்தான். பெண்டாட்டி குடை எடுத்து வருவதெல்லாம் ஒரு விஷயமா என்று முதல் நாள் விட்டுவிட்டான். மறுநாளும் குடை வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. போன வாரம் மழை நிஜமாகவே கொட்டியபோது முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடியவள் இவள். இப்போது மண்டை பிளக்கிற வெயிலில், கொக்கிப் பிடி வைத்த அந்த நீளக் குடையை ஒரு நாள் தவறாமல் தூக்கிக்கொண்டு வருகிறாள். வந்தாலும் விரிப்பதில்லை.

இன்னொன்றையும் கவனித்தான். காலையில் குச்சி மாதிரி உள்ளே போகிற குடை சாயங்காலம் சற்றே புடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

சிங்காநல்லூரில் அந்த நூல் மில்லின் கேட்டில் அவன் நிற்க ஆரம்பித்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் பதினாறு வருஷம் பவுண்டரியில் வார்ப்பு வேலை. இரும்புக் குழம்பு தெறித்து வலது கையில் மூன்று விரல் ஒன்றோடொன்று ஒட்டிப்போனது. அந்தக் கையை வைத்துக்கொண்டு வார்ப்புக் கரண்டி பிடிக்க முடியாது, அச்சுக்கு மண் இடிக்க முடியாது. அதே மில்லில் நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிற சாந்தாமணிதான் டைம் ஆபீஸில் நடையாய் நடந்து இந்த வாட்ச்மேன் வேலையை வாங்கிக் கொடுத்தாள். இதுவும் போனால் வேறு எவனும் வேலை கொடுக்கமாட்டான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வேலை காலியானதே ஒரு திருட்டால்தான். நூல் சுற்றுகிற காகிதக் கூம்பைக் கோன் என்பார்கள். வாய்ப்பக்கம் உள்ளே மில்லின் பெயர் அச்சடித்திருக்கும். ஆடி மாதம் திருப்பூரில் ஒரு வியாபாரி ஒரு லோடு மட்டமான நூலைத் திருப்பி அனுப்பினான். கோன் இந்த மில்லுடையது, நூல் இந்த மில்லுடையது இல்லை. யாரோ காலிக் கோன்களை வெளியே கடத்தி, கண்ட நூலைச் சுற்றி, மில் பேரில் விற்றிருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. முன்பு இருந்த வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து, பழைய கோன் எதுவானாலும் வேஸ்ட் ரூமில் வாயிலிருந்து நுனி வரைக்கும் பிளேடு போட்டுக் கிழித்த பிறகுதான் எடைக்குப் போகும். கிழித்ததோ கிழிக்காததோ, சீட்டு இல்லாமல் ஒரு கோன் கேட்டைத் தாண்டக் கூடாது. டைம் ஆபீஸ் மேனேஜர் லட்சுமணசாமி அவனைச் சேர்த்த அன்றைக்கே இதைச் சொல்லிவிட்டார். இனி கோன் ஒன்று வெளியே போனால் அதற்குப் பின்னாலேயே வாட்ச்மேனும் போகவேண்டியதுதான்.

அதனால் அவன் கண் குடையை விட்டு நகரவில்லை.

நேராகக் கேட்டிருக்கலாம். கார்த்திகை முதல் தேதியே அவன் மலைக்கு மாலை போட்டிருந்தான். நீலச் சட்டை, கறுப்பு வேட்டி, வெறுங்கால், கழுத்தில் துளசி மணி. மில் முழுக்க அவனைச் சாமி என்றது. வீட்டில் சாந்தாமணியும் சாமி என்றுதான் கூப்பிட்டாள். மாலை போட்டவன் கோபப்படக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, வாயில் பொய் வரக் கூடாது. சாதாரண நாளாக இருந்தால் குடையைப் பிடுங்கி உதறியிருப்பான்.

ஒரு நாள் காலையில், அவள் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டான்.

“குடை எதுக்கு?”

“வெயிலுக்குங்க சாமி” என்றாள். கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது முகம். அதில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

வெயிலுக்கு என்றால் விரிக்க வேண்டியதுதானே. மாலை போட்ட மனுசனிடமே கூசாமல் பொய் சொல்கிறாள் என்று அவனுக்குக் கோபம் வந்தது. சரணம் சொல்லி அடக்கிக்கொண்டான்.

சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் அதற்குத் தீனி தன்னால் கிடைத்துக்கொண்டே இருக்கும். வேஸ்ட் எடுக்கிற நசுருதீனோடு அவள் பேசிக்கொண்டிருந்ததை எடை மேடைக்குப் பக்கத்தில் பார்த்தான். நசுருதீன் கையை விரித்து ஏதோ சொல்ல, அவள் தலையாட்டிச் சிரித்தாள். இவன் வருவது தெரிந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். நசுருதீன் “வாங்க சாமி” என்று ரொம்ப மரியாதையாகக் கும்பிட்டது அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கோன் கடத்துகிறவனுக்கு வெளியே ஒரு ஆள் வேண்டும். வேஸ்ட் வண்டி வைத்திருப்பவனை விட வசதியான ஆள் யார்?

வீட்டிலும் காற்று சரியில்லை. ஐந்தாவது படிக்கிற மகள் ரித்திகாவும் இரண்டாவது படிக்கிற மிதுனும் அம்மாவோடு சமையல் கட்டில் குசுகுசுவென்று பேசினார்கள். இவன் செருப்பில்லாத காலோடு வருவதால் சத்தமே கேட்காமல் போய் நின்றுவிடுவான். பேச்சு பட்டென்று அறுந்துபோகும். ஒரு தடவை மிதுன் “அப்பா, இருவத்தி நாலுல இன்னும்...” என்று ஆரம்பித்தான். அக்கா அவன் தொடையைக் கிள்ளியதை இவன் பார்த்தான். வீட்டுக்குள் மைதாப் பசை வாசம் அடித்தது. தோசைக் கல்லுக்கும் பசைக்கும் என்ன சம்பந்தம்? குழந்தைகளையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாளே என்று நினைத்தபோதுதான் அவனுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அடுத்த வியாழக்கிழமை அவனுக்கு வார லீவு. சாந்தாமணி வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு வீட்டைச் சோதித்தான். பீரோவில் இல்லை. கட்டிலுக்குக் கீழே இல்லை. கிரைண்டருக்குப் பின்னால் அரிசிச் சாக்கு ஒன்று நின்றது. தூக்கினால் கனமே இல்லை. வாயைக் கட்டியிருந்த நூலை அவிழ்த்துப் பார்த்தான்.

கோன்கள். பச்சை நுனி, ரோஸ் நுனி, மஞ்சள் நுனி. எண்ணினான். பதினெட்டு. ஒவ்வொன்றையும் கலர்க் காகிதத்தால் சுற்றி ஒட்டியிருந்தது. மில் பெயர் இருக்கிற வாய்ப்பக்கத்தில் உள்ளுக்கும் மடித்து ஜரிகைக் காகிதம் ஒட்டியிருந்தது. பெயரை எதற்கு மறைக்க வேண்டும்? தப்புச் செய்கிறவன்தான் பெயரை மறைப்பான். கோன்கள் எல்லாம் முழுசாக இருந்தன. கிழிசல் ஒன்றுகூடத் தெரியவில்லை. கிழிப்பதற்கு முன்னாலேயே எடுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினான். இப்படி மறைத்து வெளியே அனுப்பி, அங்கே காகிதத்தை உரித்துவிட்டு நூல் சுற்றுவார்கள். ஆடி மாதம் போன லோடும் இப்படித்தான் போயிருக்குமோ? தனக்கு இந்த வேலையை அவள் வாங்கிக் கொடுத்ததே, கேட்டில் தன் ஆள் நிற்கட்டும் என்றுதானோ?

அந்த யோசனை வந்ததும் சாக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஒட்டிப்போன விரல்களால் நூலை முன்பு இருந்தது போலவே கட்ட அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

சாயங்காலம் அவள் வந்தாள். குடை புடைத்திருந்தது. அவன் கேட்கவில்லை. கேட்டு அவள் ஒத்துக்கொண்டால், தெரிந்தே கேட்டில் நிற்கிறவன் ஆகிவிடுவான். கேட்காமல் இருந்தால் இன்னும் சந்தேகம்தான், உண்மை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தச் சமாதானம் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் தாங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் லட்சுமணசாமி அவனை டைம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். திருப்பூரிலிருந்து மறுபடி ஒரு புகார் வந்திருக்கிறதாம். கேட்டில் நிற்கிற எல்லோரிடமும் எழுதி வாங்கச் சொல்லி முதலாளி உத்தரவு. மற்ற இரண்டு வாட்ச்மேன்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மேனேஜர் அவனிடம் காகிதத்தை நீட்டவில்லை.

“அவங்ககிட்டக் கையெழுத்து வாங்கோணும். உங்ககிட்ட வாய் வார்த்தை போதும். மாலை போட்டிருக்கறீங்க. சொல்லுங்க சாமி, நம்ம கேட்டு வழியா கோன் ஏதாச்சும் போகுதுங்களா?”

கையெழுத்து என்றால்கூடப் போட்டுத் தொலைத்திருப்பான். துளசி மணி கழுத்தில் கல்லாகத் தொங்கியது.

“சாயங்காலம் சொல்றனுங்க சார்” என்றான்.

லட்சுமணசாமி பேனாவைக் கீழே வைத்தார். இல்லை என்று சொல்ல எதற்கு சாயங்காலம் வரைக்கும் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அவர் பார்வை மாறியதை இவன் பார்த்தான். பத்து நாளாகப் பெண்டாட்டியைத் தானே அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அது தெரியாதா?

நாலரைச் சங்கு ஊதியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் வரிசை. பெண்கள் பக்கம் பையைத் தடவிப் பார்ப்பது வள்ளியாத்தாள். கேட்டில் ரொம்ப நாளாக இருக்கிறவள், வாய்க்காரி. பையைப் பார்ப்பாள், டிபன் பாக்ஸைத் திறப்பாள், குடையைச் சீந்தமாட்டாள். சாந்தாமணி அவளைத் தாண்டி வந்த நேரத்தில் பாலுசாமி தன் வரிசையை விட்டுப் பெண்கள் பக்கம் போய் நின்றான். மற்ற பெண்களிடம் பேசுவது போலவே ‘ங்க’ போட்டுப் பேசினான்.

“கொடைய விரிச்சுக் காட்டுங்க.”

பின்னால் வந்த வரிசை நின்றது. சாந்தாமணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையைப் பார்த்தாள். பிறகு குடையின் பொத்தானை அவிழ்த்து, துணியை உதறி விரித்தாள். கம்பிகளுக்கு நடுவில் செருகியிருந்த இரண்டு கோன்கள் வழுக்கி விழுந்து உருண்டன. ஒன்று வள்ளியாத்தாள் காலடியில் போய் நின்றது.

“பொண்டாட்டியவே புடிச்ச வாட்ச்மேன இன்னைக்குத்தாஞ்சாமி பாக்கறேன்” என்றாள் அவள். யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்றிருந்த லட்சுமணசாமி இறங்கி வந்தார். கோனைக் குனிந்து எடுத்தார். விரலை உள்ளே விட்டு அழுத்தினார். வாயிலிருந்து நுனி வரைக்கும் அது இரண்டாக விரிந்தது. இன்னொன்றும் அப்படியே.

“இது கிழிச்ச கோனு. குப்பைக்குப் போறது. இத வெச்சு என்னம்மா பண்ணுவ?”

புள்ளைகளுக்குக் காலண்டர் செய்வதாகச் சாந்தாமணி சொன்னாள். என்ன காலண்டர் என்று அவர் கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். சிஸ்டர்கள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ரித்திகாவோடு படிக்கிற ஷ்ரவ்யா வீட்டில் போன வருஷம் கடையில் வாங்கிய காலண்டர் ஒன்று இருந்ததாம். டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வரைக்கும் இருபத்தி நாலு கதவு. தினமும் ஒரு கதவைத் திறந்தால் உள்ளே ஏதாவது இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வருஷமாகப் பேச்செல்லாம் அதுதான். கதவு செய்யத் தனக்குத் தெரியாது, கோன்தான் தெரியும் என்றாள். நசுருதீன் பாயிடம் கேட்டதற்கு, கொடவுனுக்குப் போனால் அன்றைக்கே அழுத்திக் கட்டிவிடுவார்கள், எடைக்கு முன்னாலேயே ரெண்டு ரெண்டாக எடுத்துக்கோ என்று சொன்னாராம்.

மேனேஜர் முகம் இளகிக்கொண்டு வந்தது. ரெண்டு குப்பைக் கோன், போகட்டும் என்று சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து பாலுசாமி வாயைத் திறந்தான்.

“ஊட்டுல இருக்கறதெல்லாம் முழுக் கோனுங்க சார்.”

சாந்தாமணி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“ஊட்டுல வேற இருக்குதா? எத்தன?”

“வியாழக்கிழமை பதினெட்டு இருந்துச்சுங்க. இப்ப இருவத்திரெண்டு இருக்கோணும்.”

மாலை போட்டவன் பொய் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்கை அவனே தோளில் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனான். பிள்ளைகள் வாசல் வரைக்கும் வந்து நின்றார்கள். மிதுன் மட்டும் “எப்பக் கொண்டு வருவீங்கப்பா?” என்று கேட்டான். சாந்தாமணி வெளியே வரவே இல்லை.

லட்சுமணசாமி மேஜையில் ஒவ்வொரு கோனாகக் கவிழ்த்தார். வியாழக்கிழமை காலியாக இருந்தவற்றிலிருந்து இப்போது கடலை மிட்டாய் விழுந்தது. ரப்பர் விழுந்தது. ஹேர் கிளிப், கோலிக்குண்டு, சின்னப் பென்சில். சிலவற்றில் மடித்த சீட்டு மட்டும் இருந்தது. ஜரிகைக் காகிதத்தை உரித்து, உள்ளே விரலால் அழுத்திப் பார்த்தார். உள்பக்கம் பழைய சேலைத் துணியை மைதாப் பசையால் ஒட்டியிருந்தது. துணிக்குக் கீழே பிளேடு போட்ட கோடு தெரிந்தது. அடுத்த கோனிலும் கோடு. இருபத்திரெண்டிலும் கோடு. கிழிசலை ஒட்டுகிற வேலையை அவள் அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாள். வைண்டிங்கில் அறுந்த நூலை முடிச்சுத் தெரியாமல் சேர்க்கிற கை அது. இந்தக் கோனில் நூல் சுற்றினால் மெஷினில் முதல் சுற்றிலேயே பிய்ந்துபோகும் என்று மேனேஜர் சொன்னார். அதைச் சொல்ல மேனேஜர் வேண்டியதில்லை, வைண்டிங்கில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

சிந்தியதை அவன் திரும்ப அள்ளிப் போட்டான். ஒரு சீட்டு பிரிந்து கிடந்தது. சாந்தாமணியின் கையெழுத்து. ‘இன்னைக்கு அப்பாவுக்கு லீவு. அப்பாகூட குளத்துக்குப் போய்ப் பறவை பாருங்க.’ மேலே நாலு என்று போட்டிருந்தது. நாலாம் தேதி வியாழக்கிழமை. அவன் வார லீவு. இன்னொன்றையும் பிரித்தான். அதுவும் ஒரு வியாழக்கிழமைதான். மேற்கொண்டு பிரிக்காமல் மடித்து வைத்தான்.

கோன் முழுசோ கிழிசலோ, சீட்டில்லாமல் கேட்டைத் தாண்டியது தப்புத்தான் என்றார் லட்சுமணசாமி. முந்தின நாள் கேட்டில் பிடித்த ரெண்டு கோனோடு முடிந்திருந்தால் வாயால் கண்டித்து விட்டிருப்பாராம். இருபத்தி நாலு என்று எல்லார் முன்னாலும் பேச்சு வந்துவிட்ட பிறகு எழுதாமல் விட முடியாது. சாந்தாமணிக்கு மெமோ, மூன்று நாள் வேலை இல்லை. சாக்கை எடுத்துக்கொண்டு போகலாம். கேட்டில் பிடித்த இரண்டு மட்டும் பைலோடு இருக்கும்.

“உங்க வேலைக்கு ஒண்ணும் இல்லீங்க சாமி. இப்படி ஒரு ஆளு கேட்டுல இருக்கோணும்” என்று கடைசியாகச் சொன்னார். பாலுசாமிக்கு அந்தப் பாராட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சாக்கை இறக்கினான். ரித்திகா உடனே பிரித்துப் பார்த்து, உரிந்த ஜரிகையைத் தடவினாள். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. விரதச் சாப்பாடு, வெங்காயம் இல்லாமல், பூண்டு இல்லாமல், எப்போதும் போல நேரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவன் கேட்டான்.

“சொல்லியிருந்தா கேட்டுல நீங்க ஒண்ணு பொய் சொல்லோணும், இல்ல என்னயப் புடிக்கோணும். மாலை போட்ட மனுசனுக்கு அந்தச் சங்கட்டம் வேண்டாம்னுதான் சொல்லலீங்க சாமி. நீங்க கேக்காமயே ரெண்டாவதச் செஞ்சுபோட்டீங்க.”

தட்டை எடுத்து வைத்தாள். சாதத்தைப் போட்டாள்.

திங்கட்கிழமை டிசம்பர் ஒன்றாம் தேதி. சுவரில் இரண்டு ஆணி அடித்துக் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுக் கோன்களை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். எண்கள் ரித்திகா எழுதியவை. இருபத்திரெண்டுக்குப் பிறகு இரண்டு கிளிப் மட்டும் வெறுமனே கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தன. ஒன்றாம் எண்ணில் கடலை மிட்டாய் இரண்டு இருந்தது. மிதுன் வாயில் போட்டுக்கொண்டு காலிக் கிளிப்புகளைக் காட்டி, கிறிஸ்துமஸ் வரதுக்குள்ள ரெண்டு நாள் காணாமப் போச்சு என்றான். ரித்திகா அவனை அடக்கினாள். அப்பா முன்னால் பேசாதே என்கிற அதே கிள்ளல்.

சாந்தாமணிக்கு மூன்று நாள் தண்டனை முடிவதற்குள் பாலுசாமி டைம் ஆபீஸ் படியேறினான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த ஆபீஸில் எதையும் கேட்டதில்லை அவன். கிழித்த கோன் ரெண்டு வேண்டும், சீட்டு எழுதிக் கொடுங்க என்றான். லட்சுமணசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். அது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கேட்டார். என் புள்ளைகளுக்குங்க என்றான். சீட்டு எழுதிக் கொடுத்தார். வேஸ்ட் ரூமில் பச்சை நுனி ஒன்று, ரோஸ் நுனி ஒன்று பொறுக்கினான். கேட்டில் அந்தச் சீட்டை வாங்கிப் பார்க்க வேண்டியவனும் அவன்தான். ரிஜிஸ்டரில் ‘கிழிந்த கோன் – 2, பாலுசாமி, வாட்ச்மேன்’ என்று தன் கோணல் கையெழுத்தில் எழுதி, பார்த்தவர் என்ற இடத்திலும் தானே கையெழுத்துப் போட்டான். வள்ளியாத்தாள் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே விரல் விட்டுப் பாத்துக்குங்க சாமி, முழுக் கோனா இருந்துடப் போகுது என்றாள்.

கோன்களைச் சாந்தாமணியிடம் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே துணி ஒட்டி, ஜரிகை சுற்றி, கயிற்றில் மாட்டினாள். இருபத்தி நாலும் நிறைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் பசைக் கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

வியாழக்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குளத்துக்குக் கூட்டிப் போனான். நாரை பார்த்தார்கள். மிதுன் அவன் ஒட்டிய விரல்களைப் பிடித்துக்கொண்டே நடந்தான். அன்றைக்குக் காலையில்தான் சாந்தாமணி மறுபடி வேலைக்குப் போயிருந்தாள். குடையை எடுத்துக்கொண்டு போனதை அவன் பார்த்தான். இப்போது எதற்குக் குடை என்று நினைத்தான், கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கு ஊதியது. பெண்கள் வரிசை வந்தது. வள்ளியாத்தாள் பையைத் தடவி முடித்ததும் சாந்தாமணி வெளியே போகவில்லை. ஆண்கள் பக்கம் நேராக அவன் முன்னால் வந்து நின்றாள். குடையின் பொத்தானை அவிழ்த்து, அவன் முகத்துக்கு நேரே விரித்து, இரண்டு தடவை உதறினாள்.

“பாத்துக்குங்க சாமி.”

சனிக்கிழமையும் அப்படியே. திங்கட்கிழமையும் அப்படியே. வானத்தில் மேகமே இல்லை, மில் முழுக்க நின்று வேடிக்கை பார்க்கிறது, அவள் விரித்துக் காட்டிவிட்டுத்தான் போகிறாள். பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் இன்றைக்குத் திரும்பிக்கொள்வோம் என்றுதான் அவன் நினைப்பான்.

குடை விரியும். கம்பிகளுக்கு இடையில் அவன் கண் போகும்.